சீடர் மரவீட்டுக் கிட் வாங்கி வடசென்னையில் கட்டுவது எப்படி: மனை முதல் முதல் மழை வரை

வெளிநாட்டிலிருந்து சீடர் மரவீட்டுக் கிட் வரவழைத்து நம் ஊரில் கட்ட முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும். மாதவரத்தை அடுத்த மாத்தூரில் நாங்கள் கட்டிக் குடியிருக்கிறோம். ஆனால் கிட்டோடு வரும் கையேட்டை மட்டும் நம்பி இறங்கினால் சிரமப்படுவீர்கள். அது கனடாவின் பனிக்காலத்தை நினைத்து எழுதியது. பட்டா, சுங்கம், கரையான், ஐப்பசி மழை, புயல் எதுவும் அதில் இருக்காது. எங்கள் பணமும் மாதங்களும் கரைந்தது அந்த விடுபட்ட பக்கங்களில்தான். அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கண்டெய்னர் கப்பலேறுவதற்கு முன்பு, இங்கே முடிக்கக்கூடிய அத்தனை வேலையும் முடிந்திருக்க வேண்டும். சரக்கு வந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு நாளுக்கும் காசு போகும். மனையில் மூடி வைத்த மரமும் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இந்தக் கணக்கில்தான் அமைந்தது.

1. உங்கள் மனை இதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பொதுச்சுவர் வைத்து நெருக்கிக் கட்டிய தெருவில் அரை கிரவுண்டு மனை என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். மரச்சுவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். தீபாவளி ராக்கெட், பக்கத்து வீட்டு வெல்டிங் பொறி, மொட்டைமாடியில் எரிக்கும் குப்பை என எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். மாதவரம், மாத்தூர், புழல், செங்குன்றம், மீஞ்சூர்ப் பக்கம் தனி மனையாக இருந்தால் யோசிக்கலாம்.

அடுத்தது நிலப் பயன்பாடு. வடசென்னையில் நான்கு விஷயங்களை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலாவது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். திருவொற்றியூர், எண்ணூரில் கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் மனை இதற்குள் வரும். கடலை மட்டும் பார்த்தால் போதாது. அலை ஏறி இறங்கும் கழிமுகத்துக்கும் இந்த விதி உண்டு என்பதால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய மனையும் மாட்டலாம். இரண்டாவது, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மூன்றாவது, மணலியைச் சுற்றி தொழிற்சாலைக்கென்று ஒதுக்கிய நிலங்கள். தரகர் ‘எல்லாரும் கட்டியிருக்காங்க சார்’ என்பார். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சிஎம்டிஏவின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் நீங்களே பாருங்கள். நான்காவது, அங்கீகாரமில்லாத லேஅவுட். வரன்முறைப்படுத்திய ஆணை கையில் இல்லாத மனைக்குப் பிளான் அப்ரூவல் கிடைக்காது.

வெள்ளம் பற்றி வரைபடத்தைவிட அக்கம்பக்கத்தாரிடம் கேட்பதே மேல். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று இரண்டு மூன்று வீடுகளில் கேட்டு, மதில் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரப் படியில் அந்தக் கோடு தேவைப்படும்.

2. காகிதங்களைச் சேருங்கள்

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புல வரைபடம், லேஅவுட் அங்கீகார ஆணை, சொத்து வரி ரசீது. இவை எல்லாவற்றிலும் பெயரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரத்தில் ஓர் அளவும் புல வரைபடத்தில் வேறு அளவும் இருப்பது நம் பக்கம் சகஜம். கல் நட்டு அளந்து சரிசெய்துவிட்டு மேலே போங்கள். கொத்துவேலை வீட்டுக்கு அரை அடி வித்தியாசம் வந்தால் சுவரைத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். கிட் வீடு தொழிற்சாலையிலேயே வெட்டி வருவதால் இங்கே எதையும் குறுக்க முடியாது.

அனுமதிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி உள்ள குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிக் கட்டணம் கட்டினால் அனுமதி கிடைத்துவிடும். எங்களுக்கு மாநகராட்சி எல்லைக்குள் கட்டணம் சதுர அடிக்கு 100 ரூபாயை ஒட்டி வந்தது. மேலே சொன்ன நான்கு சிக்கல்களில் ஒன்று இருந்தாலும் இந்த வழியில் போகாதீர்கள். சுயசான்று என்றால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். தவறான தகவல் தெரியவந்தால் அனுமதியை ரத்து செய்வார்கள்.

வரைபடத்தில் சுவர் மரம் என்பதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். ‘செங்கல்னு போட்டுடலாம், யாரும் பார்க்க மாட்டாங்க’ என்று சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். பின்னால் காப்பீட்டுக்கும் விற்பனைக்கும் அந்த வரைபடம்தான் ஆதாரம். மழைநீர் சேகரிப்பும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மரவீட்டுக்கு அது சட்டத்துக்காக மட்டுமல்ல, சுவரடியில் தண்ணீர் நிற்காமலிருக்கவும் வேண்டும்.

3. கடனும் காப்பீடும் ஆர்டருக்கு முன்பே

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வீட்டுக் கடன் கட்டுமானம் ஏற ஏறத் தவணையாக வரும். கிட் விற்பவரோ பெரும்பகுதியைக் கப்பலேறும் முன்பே கேட்பார். அந்த நேரத்தில் மனையில் சுவரே இருக்காது. வங்கிப் பொறியாளர் வந்து பார்த்து எதற்குப் பணம் விடுவிப்பார்? அதனால் கிட்டுக்கு உண்டான தொகை உங்கள் கையிருப்பில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். கடனை அஸ்திவாரத்துக்கும் உள்வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் மரச்சுவர் வீட்டுக்குக் கடன் தருவோம் என்று கிளை மேலாளர் எழுத்தில் கொடுத்த பிறகுதான்.

காப்பீட்டிலும் இதே கதை. நம் நாட்டுத் தீக் காப்பீட்டு வழக்கத்தில் மரப்பலகைச் சுவர் உள்ள கட்டடத்தைக் கச்சா கட்டுமானம் என்று வகைப்படுத்துவது உண்டு. பிரீமியம் கூடும், சிலர் மறுத்தும் விடுவார்கள். சுவரின் கனம், கூரையின் வகை, வயரிங் விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, எந்த வகையில் ஏற்கிறார்கள் என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

4. மண்ணும் அஸ்திவாரமும்

மாதவரம், மாத்தூர்ப் பக்கம் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். கடலோரத்தில் மணல். மணலியின் தாழ்ந்த இடங்களில் கொட்டி நிரப்பிய மண். மரவீடு கனம் குறைவுதானே, சின்ன அஸ்திவாரம் போதும் என்று மேஸ்திரி சொல்வார். கனம் குறைவு என்பது உண்மை. ஆனால் மரச்சுவர் ஒரு மூலையில் கொஞ்சம் இறங்கினாலும் கதவு, ஜன்னல் எல்லாம் இறுகிவிடும். துளையிட்டு மண் பரிசோதனை செய்து, கட்டமைப்புப் பொறியாளர் சொல்லும் அஸ்திவாரத்தைப் போடுங்கள். களிமண்ணில் பெரும்பாலும் அண்டர் ரீம் பைல் போட்டு மேலே பீம் ஓட்டச் சொல்வார்கள்.

பீம் மட்டத்தை எப்படி முடிவு செய்வது? மதில் சுவரில் குறித்த வெள்ளக் கோட்டை எடுங்கள். தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் ஏறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒன்றரை அடியாவது தள்ளித்தான் முதல் கட்டை உட்கார வேண்டும். அடியில் மண் நிரப்பி மூடிய பேஸ்மெண்ட்டைவிட, கான்கிரீட் தூண்களில் உயர்த்தி அடியில் காற்று போகிற மாதிரி விடுவதுதான் நம் ஊருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆள் குனிந்து போய்ப் பார்க்கும் உயரம் இருந்தால் கரையான் மண்கோடு ஏறுவது ஆரம்பத்திலேயே கண்ணில் படும். மூடிய பேஸ்மெண்ட்டில் அது கட்டைக்குள் போன பிறகுதான் தெரியும்.

சீடரைக் கரையான் தொடாது என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்குக் கடற்கரைச் செஞ்சீடரின் வைரப்பகுதியில் இயற்கையான வேதிப்பொருட்கள் இருப்பதால் பூஞ்சையையும் பூச்சியையும் ஓரளவு தாங்கும். வெளிறிய வெளிப்பகுதிக்கு அந்தச் சக்தி கிடையாது. அஸ்திவாரக் குழி மூடும் முன்பே ஐஎஸ் 6313 தரப்படி கரையான் மருந்து அடியுங்கள். கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் மருந்து அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தூணுக்கும் முதல் கட்டைக்கும் நடுவே தகரத் தடுப்பு வைத்து, அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு கீழ்நோக்கி மடங்கியிருக்கட்டும்.

தண்ணீர் விஷயமும் உண்டு. மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கான்கிரீட்டில் ஊற்றினால் கம்பி துருப்பிடிக்கும்.

5. கிட் ஆர்டர்: ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கிட் என்றால் எண் போட்டு வெட்டிய கட்டைகள், கூரைச் சட்டங்கள், நீள போல்ட்டுகள், அடைப்புப் பட்டைகள், கதவு ஜன்னல்கள். விற்பவருக்கு விற்பவர் இது மாறும். சிலர் கூரைத் தகடு தர மாட்டார்கள், சிலர் ஜன்னலைக்கூடத் தனியாகக் கணக்கிடுவார்கள். உருப்படிவாரியான பட்டியல் இல்லாமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

எழுத்தில் வர வேண்டியவற்றைச் சொல்கிறேன். மரத்தின் தாவரப் பெயர் தூஜா பிளிகாட்டா என்று எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மரம் சூளையில் உலர்த்தியது, ஈரம் 19 சதவீதத்துக்குக் கீழ் என்ற உறுதி வேண்டும். பச்சை மரத்துக் கிட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் சுருங்கும் அளவு பல மடங்கு. இறக்குமதி செய்து கட்டுகிறவர் அதைத் தொடவே வேண்டாம். போல்ட், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக, கடலுக்குப் பக்கத்தில் என்றால் 316 ரகமாக இருக்கட்டும். சீடரில் உள்ள டானின் சாதாரண இரும்போடு சேர்ந்தால் சுவரெல்லாம் கறுப்புக் கோடு இறங்கும், உப்புக் காற்றில் ஆணியும் போய்விடும். கடைசியாக, கட்டைகளின் அதிகபட்ச நீளம். உங்கள் தெருவில் திரும்பக்கூடிய லாரியின் நீளத்தை அளந்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காற்றுக் கணக்கு. ஐஎஸ் 875 தரத்தின் மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கனடாவின் கூரை பனியின் பாரத்துக்காக வடிவமைத்தது. பனி கூரையைக் கீழே அழுத்தும், புயல் மேலே தூக்கும். அதனால் தடித்த உத்தரங்களைப் பார்த்து மயங்காதீர்கள். கூரையிலிருந்து சுவர் வழியாக அஸ்திவாரம் வரை இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட் எத்தனை, எங்கெங்கே, கூரைச் சட்டத்துக்கு உலோகப் பட்டை உண்டா என்று கேளுங்கள். இங்குள்ள கட்டமைப்புப் பொறியாளர் அந்த வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே தொழிற்சாலை வெட்டத் தொடங்க வேண்டும். ஆங்கர் போல்ட் வரைபடத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பீம் கான்கிரீட் போட முடியாது.

6. மாதக் கணக்கு

தை மாதத்தில் சரக்கு வந்து சேர்ந்தால் பங்குனி முடிவதற்குள் சுவரும் கூரையும் ஏறிவிடும், பயமில்லாத காலம். அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பல் வழியில் ஒரு துறைமுகத்தில் மாறித்தான் வரும். ஒன்றரை முதல் இரண்டரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வெட்ட இரண்டு மூன்று மாதம். ஆகவே ஆனியில் ஆர்டரும் இறுதி வரைபடமும் முடிய வேண்டும். ஆடியில் பூமி பூஜை போட வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்த மாதத்தை வரைபடத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆவணி பிறந்ததும் அஸ்திவார வேலை, புரட்டாசிக்குள் பீம் வரை முடித்துவிட்டால் பருவமழையிலேயே கான்கிரீட் நன்றாகப் பதமாகிவிடும்.

இதில் பிசகிச் சரக்கு ஐப்பசியில் வந்து இறங்கும் போலிருந்தால், கப்பலேற்றுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அங்கே கிடங்கு வாடகை கேட்டாலும் கொடுத்துவிடலாம். கார்த்திகை மழையில் சுவர் எழுப்பக் கூடாது.

7. கப்பல், சுங்கம், தாவரப் பரிசோதனை

கிளியரிங் ஏஜெண்ட்டை ஆர்டர் போடும்போதே பிடியுங்கள். மர இறக்குமதியில் பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். தாள்கள் இவை: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், மரம் எந்த நாட்டுடையது என்ற சான்று, கப்பல் காப்பீடு, அந்த நாட்டு அரசு தரும் தாவரநலச் சான்று. கனடா என்றால் கடைசியாகச் சொன்னதை அங்குள்ள உணவு ஆய்வு முகமை தரும். மரத்தின் வரவை 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை கட்டுப்படுத்துகிறது. உங்கள் சரக்குக்கு இறக்குமதி அனுமதிச் சீட்டு வேண்டுமா, எந்த முறையில் புகையூட்டியிருக்க வேண்டும் என்பதை ஏஜெண்ட் மூலம் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் கேட்டு, பதிலை விற்பவருக்கு அனுப்பிவிடுங்கள். மரம் கட்டி வரும் பலகைச் சட்டங்களிலும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும்.

எங்கள் சரக்கு நின்றது ஒரு சின்ன விஷயத்தில். தாவரநலச் சான்றில் தாவரப் பெயர் இருந்தது, விற்பவர் போட்ட இன்வாய்ஸில் வெறும் ‘சீடர் மரம்’ என்று இருந்தது. திருத்திய தாள் வரும்வரை கண்டெய்னர் அங்கேயே கிடந்தது, வாடகை ஏறியது. கப்பலேறும் முன்பே எல்லாத் தாள்களின் நகலையும் மின்னஞ்சலில் வாங்கி, ஏஜெண்ட் பார்த்துச் சரி என்ற பிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள். இந்த ஒரு நிபந்தனை உங்களுக்கு எத்தனையோ மிச்சப்படுத்தும்.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பதிய வேண்டும் என்று 2021 முதல் விதி. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன்பின் 10,000 ரூபாய் என்று போகும். துறைமுக வாடகை வேறு, கப்பல் கம்பெனியின் கண்டெய்னர் வாடகை வேறு. இரண்டுக்கும் இலவச நாட்கள் எத்தனை என்று முன்பதிவின்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வரி எப்படி ஏறும்? பொருள் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியில் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி. அடிப்படை வரி 10, ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துப் போட்டால் 100 ரூபாய்ச் சரக்கு 130 ரூபாய் 98 காசு ஆகும். உங்கள் சரக்கு வரும் நாளில் என்ன விகிதம் என்பதை ஏஜெண்ட்டிடம் எழுதி வாங்குங்கள். முன்கூட்டியே தயாரித்த கட்டடத்துக்கு ஒரு தலைப்பு, அறுத்த மரத்துக்கு வேறு தலைப்பு. ஒரே வீட்டை இரண்டு கப்பல்களில் பிரித்து அனுப்பினால் எந்தத் தலைப்பு என்று வழக்காகிவிடும். கூலி மிச்சம் என்று யாராவது சொன்னாலும் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

8. மனைக்குக் கொண்டுவந்து அடுக்குவது

துறைமுகமும் கண்டெய்னர் நிலையங்களும் நம் பகுதியிலேயே இருப்பது வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. லாரிக் கூலி குறைவு. ஆனால் எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘காலையில் வந்துடும்’ என்றால் ராத்திரிதான் வரும். கிரேனை நாள் வாடகைக்குப் பேசாமல் சரக்கு கிளம்பிய பிறகு அழைக்கிற மாதிரிப் பேசுங்கள். நாற்பதடி டிரெய்லர் நுழையாத தெரு என்றால் கண்டெய்னர் நிலையத்திலேயே பிரித்துச் சின்ன லாரிகளில் ஏற்றலாம். அப்போது எண் வரிசை கலையாமல் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். தெருவில் மின்கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஹைட்ரா கிரேனில் சங்கிலி போட விடாதீர்கள். சீடர் மென்மையான மரம், சங்கிலி கடித்த தடம் போகவே போகாது. நைலான் பெல்ட் கேளுங்கள். இறக்கும்போதே ஈரமானியை வைத்துப் பத்துக் கட்டைக்கு ஒன்றாகப் பாருங்கள். ஒப்பந்தத்தில் உள்ளதைவிட அதிகம் என்றால் படம் எடுத்து அன்றே விற்பவருக்கு அனுப்புங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சமமாகக் கட்டை போட்டு, அடுக்குகளுக்கு நடுவே ரீப்பர் வைத்து, மேலே தார்ப்பாய் போடுங்கள். பக்கங்களை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

9. ஆட்களும் சுவரும்

கிட் விற்பவர்கள் ஆள் அனுப்புகிறோம் என்பார்கள். விசா, விமானம், ஓட்டல் எல்லாம் உங்கள் செலவு. முதல் வாரத்துக்கு ஒரே ஒரு மேற்பார்வையாளர் போதும், கை வேலைக்கு நம் ஆட்களே இருக்கிறார்கள். காசிமேட்டில் மரப்படகு கட்டும் ஆசாரிகளைத் தேடிப் போங்கள். நீளமான மரத்தைத் திருப்பிப் பொருத்துவதும், இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைப்பதும் அவர்கள் கைப்பழக்கம். தேக்கில் கதவு ஜன்னல் செய்யும் ஆசாரிகள் திறமையானவர்கள்தான், ஆனால் பொருந்தாத இடத்தில் இழைப்புளி எடுத்துவிடும் பழக்கம் உண்டு. இங்கே ஒரு நாக்கைச் செதுக்கினால் மேலே வரும் எல்லாக் கட்டையும் பிசகும்.

அறுக்கும்போது தூள் பறக்கும். இந்த மரத்தின் தூள் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

சுவர் எழுப்பிய பிறகு கட்டைகள் இன்னும் கொஞ்சம் உலர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி, சுவரின் உயரமே குறையும். உலர்ந்த மரத்தில் எட்டடிச் சுவருக்கு ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் எதிர்பாருங்கள். அதனால் கதவு, ஜன்னல் சட்டத்துக்கு மேல் விற்பவர் சொன்ன இடைவெளியை விட்டே ஆக வேண்டும். சட்டத்தைக் கட்டையோடு ஆணி அடித்து இறுக்கக் கூடாது. கான்கிரீட் கலவையால் இடைவெளியை அடைக்கவும் கூடாது. மேஸ்திரிக்கு அந்த இடைவெளி உறுத்தும், நீங்கள் இல்லாத நேரம் பார்த்து பூசிவிடுவார். தூண்களுக்கு அடியில் திருகு ஜாக்கி இருந்தால் அதைத் திருப்பும் வழி மூடாமலிருக்கட்டும்.

இன்னொன்று. நம் வீடுகளில் முதலில் நிலை வைத்து, பூசை போட்டுத்தான் சுவர் எழுப்புவோம். இங்கே சுவர் எழுந்த பிறகுதான் நிலை நிற்கும். பெரியவர்களிடம் முன்பே பேசி, முதல் கட்டை வைக்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்து அந்தப் பூசையைச் செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், யாருக்கும் மனக்குறை இல்லை.

வயர் போகும் துளைகளைக் கட்டை அடுக்கும்போதே போட வேண்டும். செங்கல் சுவர் மாதிரிப் பின்னால் வெட்ட முடியாது. சுவிட்சு, ஏசி, வைஃபை, வாசல் கேமரா, பூசையறை விளக்கு எல்லாம் எங்கே என்று முதல் கட்டை வைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எல்லா வயரும் குழாய்க்குள்தான் போக வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

10. கூரை

சென்னை வெயிலில் வீட்டைச் சூடாக்குவது கூரைதான். சீடர் சுவர் வெப்பத்தை ஓரளவு தடுக்கும், கூரையில் காசு பார்த்தால் அந்த நன்மை அடிபட்டுப் போகும். வண்ணத் தகட்டுக்கு அடியில் மூன்று அங்குலமாவது ராக்வூல், அதற்கும் தகட்டுக்கும் நடுவே காற்று போகும் இடம், முகட்டில் சூடு வெளியேற வழி.

கூரை விளிம்பு சுவரைத் தாண்டி மூன்றடி நீள வேண்டும். வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும் மழையைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் நீண்ட விளிம்பைத்தான் புயல் முதலில் பிடித்துத் தூக்கும். அதனால் விளிம்பு நீள நீள உலோகப் பட்டையின் எண்ணிக்கையும் கூட வேண்டும். இதைப் பொறியாளரிடம் தனியாகக் கேளுங்கள். வடக்கு, கிழக்குப் பக்கம் திண்ணையோடு தாழ்வாரம் வைத்தால் சுவருக்கும் காவல், உட்காரவும் இடம்.

11. ஈரமும் நெருப்பும் உள்ள அறைகள்

குளியலறையை மரத்துக்குள் வைக்காதீர்கள். பின்பக்கம் கான்கிரீட் தளம் போட்டு பிளாக் சுவரில் தனியாகக் கட்டி, மரவீட்டோடு நகரும் இணைப்பாகச் சேருங்கள். மரச்சுவர் இறங்கும், பிளாக் சுவர் இறங்காது.

சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் சிமெண்ட் போர்டு, மேலே டைல்ஸ், புகை நேராக வெளியே போகும் சிம்னி. சிலிண்டர் வெளியே கூண்டில். பூசை மேடை கருங்கல்லில் இருக்கட்டும், மேலேயும் பின்னாலும் மரம் தெரியக் கூடாது. வீடு கழுவும் பழக்கத்தை மாற்ற வேண்டும். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினால் அடிக்கட்டைதான் முதலில் குடிக்கும். வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிப் பிழிந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வாசல் தெளிப்பது படிக்குக் கீழேதான்.

12. செலவை எப்படிப் பிரிப்பது

கிட்டின் விலை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, கூடினால் பாதி. மீதி முழுவதும் கப்பல் கூலி, வரி, அஸ்திவாரம், கூலி, கூரைத் தகடு, வயரிங், குழாய், குளியலறை, பூச்சு. கிட் விலையை மட்டும் வைத்து ‘சதுர அடிக்கு இவ்வளவுதான்’ என்று கணக்குக் காட்டுபவரை நம்ப வேண்டாம். டாலர் ஏற்றம், துறைமுக வாடகை இரண்டுக்கும் சேர்த்து மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

13. பூச்சும் முதல் மழையும்

கூரை ஏறியதும் தாமதிக்காமல் பூச்சு. மேலே படலமாக நிற்கும் வார்னிஷ் வேண்டாம், நம் வெயிலில் ஒரு வருடத்தில் உரிந்து தொங்கும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் வகை ஸ்டெயினில் நிறமியும் பூஞ்சைத் தடுப்பும் இருப்பதாகப் பாருங்கள். நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது, மரம் சாம்பல் நிறமாகிவிடும். கட்டையின் வெட்டுமுனைகள்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், அங்கே மூன்று தடவை அடியுங்கள். மேற்கும் தெற்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மற்ற பக்கம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஐப்பசி மழையில் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மூலை இணைப்புகள், ஜன்னலின் கீழ் விளிம்பு, கூரையும் சுவரும் சேரும் இடம். கசிவு கண்டால் சாக்பீஸால் குறித்து, வெயில் வந்து காய்ந்த பிறகு அடையுங்கள். ஈரத்தில் அடைத்தால் ஒட்டாது. வடிகுழாய்த் தண்ணீர் மழைநீர்க் குழிக்குப் போகிறதா, தூணடியில் தேங்குகிறதா என்றும் பாருங்கள். மழை விட்டதும் அடியில் குனிந்து கரையான் கோடு தேடுங்கள். அதன்பின் முதல் இரண்டு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீள போல்ட்டுகளை இறுக்கி, ஜாக்கியைச் சுவரின் அளவுக்கு இறக்க வேண்டும். அதற்குரிய ஸ்பானரையும் மீதியான இரண்டு கட்டைகளையும் ஸ்டெயின் டப்பாவின் நிற எண்ணையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.